சிவந்திருக்கக் கூடாத தட்டு

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு மைனா அந்தத் தட்டைத் திறந்து பார்த்தாள். உடனே மூடினாள். மூடியின் உள்பக்கத்து ஈரத்தை உதறிவிட்டு மறுபடியும் திறந்தாள்.

இடது பாதி சிவப்பு. அது சரி. வலது பாதியும் சிவப்பு. அது சரியில்லை.

"ஒட்டகம், கொஞ்சம் இங்க வாயேன். இதுல வலது பக்கம் என்ன கலர்?"

பக்கத்து மேஜையிலிருந்து சக ஆராய்ச்சி மாணவன் எழுந்து வந்தான். ஆய்வகத்தின் எந்தக் கதவிலும் தலை இடிக்காமல் நுழைய முடியாத உயரம். கழுத்தை வளைத்து வளைத்தே நடை அப்படி ஆகிவிட்டது. பெயர் அதனால் வந்தது.

"சிவப்பு."

"நல்லா பார்த்துச் சொல்லு."

"நல்லா பார்த்தா நல்ல சிவப்பு. ஏன், இந்தப் பக்கம் வெள்ளையா இல்ல இருக்கணும்? ரெண்டையும் மாத்திப் போட்டுட்டியா?"

"மூணு தட்டு போட்டேன். மூணுலயும் மாத்திப் போட நான் என்ன தூக்கத்துலயா இருந்தேன்?"

ஒட்டகம் மற்ற இரண்டு தட்டுகளையும் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தான். அவன் முகத்தில் இருந்த கேலி மெல்ல இறங்கியது.

"மேடத்துகிட்ட நீ சொல்றியா? இல்ல, நான் இன்னிக்கு லீவு போட்டுடட்டுமா?"

மைனா தட்டுகளை ஒவ்வொன்றாக மூடினாள். ஓயாமல் பேசுவதால், தட்டுகளுக்கு ஊட்டக்கூழ் (மீடியா) காய்ச்சி ஊற்றும் மீடியா அக்கா அவளுக்கு வைத்த பெயர்தான் மைனா. பதிவேட்டில் இருக்கும் பெயரைச் சொல்லி இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. அப்படிப்பட்டவளுக்கு அன்று காலை வாய் அடைத்துப்போயிற்று.

தட்டில் வளர்ந்திருந்தது ஈஸ்ட். ரொட்டியை உப்ப வைக்கிறதே, அதற்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. ஒரு செல் பெருகிப் பெருகிக் கடுகளவு புள்ளியாகும். அதற்குள் இருக்கும் ஒரு குறிப்பிட்ட ஜீன் வேலை செய்தால் புள்ளி வெள்ளை. அந்த ஜீனின் வாயைக் கட்டிவிட்டால் புள்ளி சிவப்பு. நான்கு வருடமாக மைனாவின் வாழ்க்கை இந்த இரண்டு நிறங்களுக்கு நடுவில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அண்ணன் வீட்டில்தான் அவள் தங்கியிருந்தாள். பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பாளராக இருக்கும் அண்ணி, முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி மடித்துக்கொண்டே கேட்டிருந்தாள்:

"அப்படி என்னதான்டி பண்றே அங்க? யாராவது கேட்டா 'ஏதோ ஈஸ்ட்'னு சொல்றேன். பேக்கரியான்னு கேக்கறாங்க."

மைனாவுக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டு வந்தது. "அண்ணி, டி.என்.ஏ. ஒரு நூல். அது குட்டிக் குட்டி உருளைல சுத்தி இருக்கு. உருளை மேல ஒரு முத்திரை குத்தினா அந்த இடம் இறுகிடும். அங்க இருக்கிற ஜீன் வாயே திறக்காது."

"யாரு குத்தறது?"

"ஒரு புரதம். மேனேஜர்னு வச்சுக்கோங்க. அந்த மேனேஜரை நாங்களே கொண்டுபோய் ஒரு ஜீன் பக்கத்துல கட்டிப் போட்டிருக்கோம். அப்புறம் ஒரு மருந்து கலந்த தட்டுல செல்லை வளர்த்தா, மேனேஜர் அவிழ்ந்து போயிடுவார். கேள்வி என்னன்னா, அவர் போன பிறகும் அந்த ஜீன் வாயை மூடிட்டு இருக்குமா?"

"ஏன் இருக்கணும்? எங்க மேனேஜர் டீ குடிக்கப் போனாலே நாங்க பேச ஆரம்பிச்சுடுவோம்."

"அங்கதான் அண்ணி விஷயம். செல் ரெண்டா பிரியும்போது, முத்திரை குத்தின பழைய உருளைங்க ரெண்டு பிள்ளைக்கும் பாதிப் பாதியா போகும். இடையில முத்திரை இல்லாத புது உருளைங்க வந்து உட்காரும். செல்லுக்குள்ள ஒரு ஊழியர் இருக்கார். பழசுல இருக்கிற முத்திரையைப் படிச்சுட்டு, பக்கத்துல இருக்கிற புதுசுக்கும் அதையே குத்திடுவார். பேரன், கொள்ளுப்பேரன் வரைக்கும் இப்படியே போகும். மேனேஜரைக் கண்ணாலயே பார்த்திருக்க மாட்டாங்க. ஆனா வாயை மூடிட்டு இருப்பாங்க."

அண்ணி கையில் இருந்த சட்டையை அப்படியே வைத்துவிட்டு யோசித்தாள். "எங்க கிளினிக்ல பெரிய டாக்டர் ரேடியோ வைக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தாராம். அவர் போய் ஆறு வருஷம் ஆச்சு. நான் சேர்ந்தது அதுக்கப்புறம். இன்னிக்கு வரைக்கும் ரேடியோவை நான் தொட்டதில்ல. இப்ப புதுசா வந்த பொண்ணுகிட்டயும் 'தொடாதே'ன்னு நான்தான் சொன்னேன். ஏன் சொன்னேன்னே தெரியல."

"அண்ணி! நாலு வருஷமா நான் சொல்ல முடியாததை நாலு வரில சொல்லிட்டீங்க!"

இன்னொரு ஆளும் உண்டு: முத்திரையை அழிக்கிற புரதம். அது இருக்கும் ரகத்தில், மேனேஜர் போன கையோடு முத்திரைகள் அழிந்து புள்ளி வெள்ளையாகிவிடும். அதை நீக்கிவிட்ட ரகத்தில்தான் ஞாபகம் தங்கும். புள்ளி சிவப்பாகவே இருக்கும். மைனாவின் கட்டுரை சொன்னது இதுதான்: அழிப்பவர் இல்லாத ரகத்தில், அறுபது தலைமுறைக்குப் பிறகும் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு புள்ளிகள் சிவப்பு. தொண்ணூற்றேழு! கட்டுரை ஒரு பெரிய பத்திரிகையின் பரிசீலனையில் இருந்தது. அது வெளியானால் வேறொரு ஆய்வகத்தில் மைனாவுக்கு வேலை உறுதி.

பத்திரிகையின் மூன்றாவது மதிப்பீட்டாளர் ஒன்றே ஒன்று கேட்டிருந்தார். அழிப்பவர் இருக்கும் ரகத்தையும் இல்லாத ரகத்தையும் ஒரே தொகுதித் தட்டில், அதாவது ஒரே சமயம் ஊற்றியதில், பக்கத்தில் பக்கத்தில் வளர்த்துக் காட்டுங்கள்.

அதைத்தான் செய்தாள். அந்த அறுபது தலைமுறைச் சோதனைக்காகப் பத்து வாரங்களுக்கு முன் ஊற்றி, குளிர் அறையில் மீந்திருந்த தட்டுகளிலேயே செய்தாள். இரண்டு பக்கமும் சிவப்பு.

அழிப்பவர் இருந்தும் சிவப்பு என்றால் ஒரே ஒரு அர்த்தம்தான். மேனேஜர் போகவே இல்லை. கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு புதுசு புதுசாக முத்திரை குத்திக்கொண்டிருக்கிறார். அப்படியானால் அந்தத் தொண்ணூற்றேழு ஞாபகமே அல்ல. வெறும் மேற்பார்வை.

"மருந்து செத்துப்போச்சு," என்றார் மேடம்.

ஆய்வகத் தலைவர் அவர். பேசும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் கோபம், மாட்டினால் யோசனை என்று மாணவர்கள் கணக்கு வைத்திருந்தார்கள். இப்போது கண்ணாடி மேஜை மேல் கிடந்தது.

"அது டெட்ராசைக்ளின். சாதாரண பாக்டீரியாவைக் கொல்ற மருந்து. அந்தத் தட்டுல பாக்டீரியாவைக் கோடா இழுத்து, வளருதான்னு பாருங்க. ஒரே நாள்ல தெரிஞ்சுடும்."

ஒட்டகம் இழுத்துப் பார்த்தான். புதன்கிழமை காலை, பழைய தட்டுகளில் பாக்டீரியா கொழுகொழுவென்று வளர்ந்திருந்தது. அதே மருந்து பாட்டிலிலிருந்து செவ்வாய் மாலை புதிதாக ஊற்றிய தட்டில் ஒன்றுகூட முளைக்கவில்லை. ஆக, பாட்டிலில் குற்றமில்லை. தட்டில்தான் குற்றம்.

தட்டு ஊற்றுவது யார்? மீடியா அக்கா.

"கொதிக்கிற அகர் கூழ்ல மருந்தை ஊத்தியிருப்பாங்க. சூட்டுல அது போயிருக்கும்," என்றார் மேடம். "நாலு வருஷ வேலை. ஒரு தெர்மாமீட்டரைப் பார்க்கறதுக்கு என்ன கேடு?" மேஜை மேல் ஒரு படிவம் இருந்தது. ஒப்பந்த ஊழியர்களை அடுத்த வருடமும் வைத்துக்கொள்ள வேண்டுமா என்று அலுவலகம் கேட்டிருந்தது. வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் போயாக வேண்டும். மேடம் அதை விரலால் தள்ளி வைத்தார். "இந்த வருஷம் அவங்க பேர் எழுதறதா இல்ல. முதல்ல எழுத்துல ஒரு விளக்கம் வாங்குங்க."

மீடியா ரூம் தாழ்வாரத்தின் கடைசியில் இருந்தது. சுவர் பூராவும் நீராவி பட்டு உப்பிப்போன பெயின்ட். மூலையில் ஆட்டோக்ளேவ், ஆள் உயரத்துக்கு ஒரு பிரஷர் குக்கர். அக்கா அதன் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார். விஷயம் அவர் காதுக்கு ஏற்கெனவே வந்திருந்தது.

"வா மைனா. நீயும் கேட்க வந்தியா? கேளு. பதினோரு வருஷமா தட்டு ஊத்தறேன். ஐம்பத்தஞ்சு டிகிரிக்கு இறங்காம மருந்து பாட்டிலைத் தொட்டிருந்தா என் கையை வெட்டிக்கோ."

"நான் ஒண்ணும் சொல்லலக்கா."

"தெர்மாமீட்டர் ஒரு பக்கம் இருக்கட்டும். பாட்டிலை மணிக்கட்டுல வச்சுப் பார்ப்பேன். குழந்தைக்குப் பால் ஆத்தினவ நான். எனக்குத் தெரியாதா சூடு?" அக்கா அலமாரியிலிருந்து நீள நோட்டை இழுத்து அவள் முன்னால் போட்டார். "பாரு. தேதி, சூடு, மருந்து ஊத்தின நேரம். எல்லாம் என் கையெழுத்து. கடைசியில என்ன எழுதியிருக்கு? வாய்விட்டுப் படி."

"கறுப்புப் பை. குளிர் அறை."

"ஒவ்வொரு தடவையும் கறுப்புப் பைல போட்டு முடிச்சுப் போட்டுத்தான் குடுப்பேன். வெளிச்சம் பட்டா அந்த மருந்து நிக்காதுன்னு முன்னாடி இந்த லேப்ல இருந்த டாக்டர் சொல்லிக் குடுத்தது. அதுக்கு மேல எனக்கு என்ன தெரியும்?"

மைனாவின் விரல் நோட்டின் அந்த வரியிலேயே நின்றுவிட்டது.

கறுப்புப் பை.

மழைக்காலம். தட்டுகள் எல்லாம் வியர்த்துக் கொட்டும். ஈரத்தில் புள்ளிகள் ஒன்றோடொன்று வழிந்து கலந்துவிடும், எண்ண முடியாது. மைனா ஒரு வழி கண்டுபிடித்தாள். குளிர் அறையிலிருந்து தட்டுகளை எடுத்து, முடிச்சை அவிழ்த்து, நான்காவது மாடியில் யாரும் வராத பழைய படிப்பறையின் ஜன்னல் மேடையில் பரப்பி வைத்தாள். மழை விட்ட நேரத்தில் சுள்ளென்று வெயில் அடிக்கும். இரண்டு நாள், சில சமயம் மூன்று நாள். தட்டு காய்ந்து கண்ணாடி மாதிரி ஆகிவிடும். மீந்ததைத் திரும்பப் பையில் போட்டு முடிச்சுப் போட்டுக் குளிர் அறைக்குக் கொண்டுவந்துவிடுவாள். தன் சாமர்த்தியத்தை நினைத்துத் தானே மெச்சிக்கொண்டதும் உண்டு.

அழிப்பவர் இருக்கும் ரகத்தை அவள் சோதித்துப் படம் எடுத்தது அதற்கு முந்தைய கோடையில். அப்போது தட்டில் ஈரம் இல்லை. வெயில் வைத்தியமும் இல்லை. மருந்து உயிரோடு இருந்தது. புள்ளிகள் வெள்ளையாகத்தான் வந்தன. அதையே கட்டுரையில் போட்டாள். இல்லாத ரகத்தை அறுபது தலைமுறை ஓட்டியதெல்லாம் மழையில்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?"

"ஒண்ணுமில்லக்கா."

அந்த ஒரு வார்த்தையோடு அவள் வெளியே வந்துவிட்டாள். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம், மேடம் கோபம் தணியட்டும், இன்னொரு தடவை சோதித்துப் பார்த்து நிச்சயமாகட்டும் என்று வரிசையாகக் காரணங்கள் வந்தன. புதன்கிழமை போயிற்று.

வியாழக்கிழமை மதியம் சாப்பாட்டு நேரத்தில் அக்காவே அவளைத் தேடிக்கொண்டு வந்தார். ஆய்வகத்துக்குள் வராமல் கதவுக்கு வெளியே நின்று கூப்பிட்டார். நேற்றைய இடுப்புக் கை இன்று இல்லை.

"மைனா, ஒரு உதவி பண்ணு. மேடம் எழுத்துல கேட்டிருக்காங்க. எனக்குக் கோர்வையா வராது. நீ எழுதிக் குடு, நான் கையெழுத்துப் போடறேன்."

"என்னன்னு எழுதணும்க்கா?"

"என் தப்புதான்னு எழுது."

மைனா நிமிர்ந்தாள். "நேத்து இல்லன்னு சொன்னீங்களே?"

"சொன்னேன். ராத்திரி யோசிச்சுப் பார்த்தேன். அந்தத் தேதி எல்லாம் எங்க வீட்டுக்காரருக்குக் கால் ஆபரேஷன் நடந்த சமயம். காலைல ஆஸ்பத்திரி, மதியம் இங்க, சாயங்காலம் ஆஸ்பத்திரி. உடம்பு இங்க இருந்துச்சு, மனசு அங்க இருந்துச்சு. நோட்டுல ஐம்பத்தஞ்சுன்னு பழக்கத்துல எழுதியிருப்பேன். பார்த்தேனா, பார்க்கலையா? சத்தியமா எனக்கே ஞாபகம் இல்ல." அக்கா புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "இல்லன்னு சாதிச்சா மேடத்துக்குக் கோபம்தான் ஏறும். ஒத்துக்கிட்டா ஒரு வருஷம் தள்ளிப் போட்டாலும் போடுவாங்க. நல்லா உருக்கமா எழுது. உனக்குத்தான் அது வருமே."

அவர் நீட்டிய வெள்ளைத் தாளை மைனா வாங்கிக்கொண்டாள்.

"நாளைக்குக் காலைல தரேன்க்கா."

"மறந்துடாதே தாயி. மதியத்துக்குள்ள போகணும்."

அன்று சாயங்காலம் அண்ணி வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றியதும் கேட்டாள், "என்ன, வீடு இவ்வளவு அமைதியா இருக்கு? உனக்குக் காய்ச்சலா?"

மைனா ஒன்று விடாமல் சொன்னாள். ஜன்னல், வெயில், கறுப்புப் பை, வெள்ளைத் தாள். அண்ணி கைப்பையைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டாள். அதுவே மைனாவுக்குப் பயமாக இருந்தது.

"சொன்னா உனக்கு என்ன போகும்?" என்று கடைசியில் கேட்டாள்.

"கட்டுரை போகும். அந்த வேலை போகும். என் தட்டை இனிமே எவனும் நம்ப மாட்டான்."

"கட்டுரை எப்படியும் போச்சு இல்ல? மருந்துதான் செத்துப்போச்சே."

"தட்டு சரியில்லாம கட்டுரை போறது வேற, அண்ணி. என்னால போறது வேற."

"ஓ." அண்ணி சமையலறைக் குழாயில் கை கழுவினாள். ரொம்ப நேரம் கழுவினாள். "அந்த அக்காவுக்கு என்ன வயசு இருக்கும்?"

"நாப்பத்தெட்டு."

"இந்த வயசுல வேலை கேட்டு ஒரு ஆபீஸ் வாசல்ல போய் நம்பர் வாங்கிட்டு உட்காரணும். முன்னாடி இருந்த இடத்தை ஏன் விட்டீங்கன்னு கேட்பாங்க. மருந்து ஒழுங்கா கலக்கலன்னு அவங்க கையாலயே எழுதிக் குடுத்திருப்பாங்க." துண்டில் கையைத் துடைத்தாள். "நான் நல்லவதானே அண்ணின்னு மட்டும் என்கிட்ட கேட்டுடாதே. நான் உன் அண்ணி. ஆமான்னுதான் சொல்லித் தொலைப்பேன்."

மைனா அறைக்குப் போய்த் தாளைப் பிரித்து வைத்துக்கொண்டாள். 'மேடம் அவர்களுக்கு' என்று ஆரம்பித்தாள். 'தட்டுகளில் மருந்து கெட்டதற்குக் காரணம்' என்று எழுதினாள். அடுத்த வரியில் பேனா நின்றது. அப்புறம் நிற்காமல் ஓடியது. பின்பக்கமும் நிரம்பியது. உருக்கம் எதுவும் வரவில்லை. தேதிகள்தான் வந்தன.

வெள்ளிக்கிழமை காலை மேடம் அந்தத் தாளை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றவும் இல்லை, மாட்டவும் இல்லை. மூக்கு நுனியில் அப்படியே தொங்கியது.

"வெயில்லயா?"

"ஆமா மேடம்."

"மூணு நாளா?"

"சில சமயம்."

"அந்த மருந்து பாட்டில் ஏன் பழுப்புக் கண்ணாடில வருதுன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும் மேடம். பாட்டில் மேல வெளிச்சம் படாம எப்பவும் பார்த்துப்பேன். தட்டுக்குள்ள போனதும் அது எனக்குத் தட்டாத்தான் தெரிஞ்சுது. மருந்தா தெரியல."

மேடம் சிரிப்பாரோ, கத்துவாரோ என்று தெரியாத ஒரு சத்தம் போட்டார். "இந்த மாதிரி ஒரு தப்பைப் பண்றதுக்கு இத்தனை வருஷம் படிச்சிருக்கணும்." எழுந்து ஜன்னல் பக்கம் போனார். "புதன்கிழமையே தெரிஞ்சுதுன்னு எழுதியிருக்கே. ரெண்டு நாள் ஏன் சொல்லல?"

"பயம் மேடம்."

"ம்." ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "கட்டுரைல இருக்கிற அந்தப் படங்களை நானும் நாற்பது தடவை பார்த்திருக்கேன். ஒண்ணு கோடைல எடுத்தது, ஒண்ணு மழைல எடுத்தது. தேதி கீழேயே இருக்கு. ஒரே தொகுதியான்னு யாரோ முகம் தெரியாத ஆள் கேட்கறார், நான் கேட்கல. தொண்ணூத்தேழுன்னு பார்த்ததும் எனக்கு வேற எதுவும் கண்ணுல படல."

மேஜைக்கு வந்து அலுவலகப் படிவத்தை இழுத்தார். மீடியா அக்காவின் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டு, ஒட்டகத்தைக் கூப்பிட்டு உடனே கொண்டுபோகச் சொன்னார்.

"கட்டுரையைத் திரும்ப வாங்கறோம். காரணத்தை உள்ளபடி எழுதறோம். எல்லாத்தையும் முதல்லேருந்து போடு. அக்காகிட்ட நீயே போய்ச் சொல்லு. நான் சொன்னா அது ஆபீஸ் விஷயம் ஆயிடும்."

மீடியா ரூமில் ஆட்டோக்ளேவ் திறந்திருந்தது. தடிமனான கையுறை போட்டுக்கொண்டு அக்கா பாட்டில்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்.

"எழுதிட்டியா? கொண்டா, கையெழுத்துப் போடறேன்."

"நீங்க போட வேண்டாம்க்கா. நான் போட்டுக் குடுத்துட்டேன். தப்பு என்னோடது." சொல்ல ஆரம்பித்தாள். முழுதும் சொல்லி முடிக்கும்வரை அக்கா பாட்டில் எடுப்பதை நிறுத்தவில்லை. கடைசி பாட்டிலையும் வைத்துவிட்டுத்தான் திரும்பினார்.

"வேலை?"

"மேடம் கையெழுத்துப் போட்டாச்சு. ஒட்டகம் கொண்டுபோயிட்டான்."

அக்கா கண்ணை மூடித் திறந்தார். தோள் இரண்டும் ஒரு விரற்கடை இறங்கியது. அப்புறம் கேட்டார்:

"எப்ப தெரிஞ்சுது உனக்கு?"

"புதன்கிழமை. இந்த ரூம்ல, நோட்டைப் பார்த்தப்போ."

"நேத்து நான் தாளைத் தூக்கிட்டு உன் வாசல்ல வந்து நின்னப்போ?"

"தெரியும்க்கா."

அக்கா கையுறைகளைக் கழற்றி மேஜையில் வைத்தார். "ரெண்டு நாளா அவர்கிட்ட என்ன சொல்லிட்டு இருந்தேன் தெரியுமா? உங்க காலைப் பார்த்த கவனத்துல என் வேலையைக் கோட்டை விட்டுட்டேன்னு. அவர் தன் காலையே திட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தார். நேத்து சாப்பிடல."

மைனாவுக்கு மன்னிப்பு என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. அதைச் சொன்னால் அக்கா ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும். அந்தச் சுமையையும் அவர் தலையில் வைக்க மனம் வரவில்லை.

"சாயங்காலம் நான் வந்து அவர்கிட்ட சொல்றேன்க்கா."

"வேண்டாம். நானே சொல்லிக்கறேன்." அக்கா பாட்டில் அடுக்கிய ட்ரேயைத் தூக்கினார். "வழி விடுங்க. சூடா இருக்கு."

நான்கு வருடத்தில் முதல் தடவையாக அவளை 'நீங்க' என்றார்.

அதற்கப்புறம் ஒன்றரை மாதம் மைனா தட்டு கேட்டால் தட்டு வந்தது. கறுப்புப் பையில், முடிச்சோடு, தேதியோடு வந்தது. பேச்சு வரவில்லை. காலையில் வணக்கம் சொன்னால் தலையசைப்பு. மற்ற மாணவர்களோடு சிரிக்கும் சத்தம் தாழ்வாரம் முழுக்கக் கேட்கும். மைனா நுழைந்ததும் ஆட்டோக்ளேவ் சத்தம் மட்டும் கேட்கும். அந்த வேறொரு ஆய்வகத்திலிருந்து இரண்டு வரியில் மடல் வந்தது: அந்த இடத்துக்கு வேறு ஆள் எடுத்துக்கொண்டோம், உங்கள் முயற்சிகளுக்கு வாழ்த்துகள். அண்ணி அதைப் படித்துவிட்டு, "வாழ்த்துதானே, திட்டலையே," என்றாள்.

மைனா வேலையைப் பார்த்தாள். இரண்டு ரகம், ஒரே தொகுதி, ஒரே நாள். ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு தட்டில் பாக்டீரியாவை இழுத்து, மருந்து உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஈஸ்டைத் தொட்டாள். அழிப்பவர் இருக்கும் ரகம் முதல் சுற்றிலேயே பளிச்சென்று வெள்ளையாயிற்று. மேனேஜர் போய்விட்டார், சந்தேகமே இல்லை.

இல்லாத ரகம்?

அறுபதாவது தலைமுறைத் தட்டை எடுத்த அன்று ஒட்டகமும் மேடமும் பின்னால் நின்றார்கள். மைனா எண்ணினாள். நூற்றுக்கு ஐம்பத்தெட்டு சிவப்பு. மறுபடி எண்ணினாள். ஐம்பத்தெட்டு.

"தொண்ணூத்தேழு எங்க, ஐம்பத்தெட்டு எங்க," என்றான் ஒட்டகம்.

"அந்தத் தொண்ணூத்தேழு நம்மோடது இல்ல," என்றார் மேடம். "இது நம்மோடது. எழுத ஆரம்பி. சின்னப் பத்திரிகையா இருந்தாலும் பரவாயில்ல."

அன்று பிற்பகல் மைனா மீடியா ரூம் வாசலில் போய் நின்றாள்.

"அக்கா, ஒரு நிமிஷம் லேப்புக்கு வர முடியுமா?"

"ஏன், தட்டு சரியில்லையா?" குரலில் முள் இருந்தது.

"தட்டு நல்லா இருக்கு. அதுல என்ன வந்திருக்குன்னு காட்டணும்."

அக்கா நம்பாத மாதிரி பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஆய்வகத்துக்குள் நுழையும்போது தயங்கி, செருப்பைக் கழற்ற வேண்டுமா என்று தரையைப் பார்த்தார்.

"பதினோரு வருஷமா ஊத்தறேன். எதுக்கு ஊத்தினேன், என்ன முளைச்சுதுன்னு ஒருத்தரும் கூப்பிட்டுக் காட்டினதில்ல. கழுவறதுக்குத்தான் திரும்ப வரும்."

மைனா நாற்காலியை இழுத்துப் போட்டு, அண்ணிக்குச் சொன்ன முத்திரைக் கதையைச் சுருக்கிச் சொல்லிவிட்டு, தட்டைப் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடிக்குக் கீழே வைத்தாள். அக்கா குனிந்தார்.

"சிவப்பு எல்லாம் வாயை மூடிட்டு இருக்கிறதா?"

"ஆமாக்கா. சொல்றவர் போய் அறுபது தலைமுறை ஆச்சு. இன்னும் மூடிட்டு இருக்கு."

"வெள்ளை?"

"அது மறந்துபோனது."

"இது என்ன? சிவப்புல ஒரு துண்டு வெள்ளை. யாரோ கேக் வெட்டின மாதிரி."

மைனா பல்குச்சி ஒன்றை எடுத்து அந்தப் புள்ளியின் நடுப்பக்கம் நீட்டினாள். வெள்ளைத் துண்டின் கூர் முனை அங்கேதான் ஆரம்பித்தது. "இந்த இடத்துல ஒரே ஒரு செல்லுக்கு முத்திரை விட்டுப்போச்சு. புது உருளைக்குக் குத்தறதுக்குள்ள செல் பிரிஞ்சுடுச்சு போல. அதுலேருந்து விரிஞ்சு வர்றது பூரா அதோட பிள்ளைங்க. எல்லாம் வெள்ளை. பக்கத்துல இருக்கிறது அதோட அக்கா தங்கச்சிங்க. எல்லாம் சிவப்பு."

"ஒரே வீடு," என்றார் அக்கா. கண்ணை எடுக்காமல் தட்டைத் தன் விரலால் மெல்லத் திருப்பினார். இன்னொரு கேக் துண்டு. இன்னொன்று. "மருந்து செத்த தட்டுல இது தெரியாதோ?"

"தெரியாது. எல்லாம் ஒரே சிவப்பா இருந்துச்சு. இது இருக்குன்னே எனக்குத் தெரியல."

அக்கா நிமிர்ந்தார். முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கதவு வரைக்கும் போய்விட்டு நின்றார்.

"திங்கக்கிழமை எத்தனை தட்டு வேணும் உங்களுக்கு?"

"நாப்பது, அக்கா."

"ஈரமா இருந்தா என்கிட்ட வந்து சொல்லணும். ஆட்டோக்ளேவுக்குப் பின்னாடி அலமாரி ஒண்ணு இருக்கு, எப்பவும் கதகதன்னு இருக்கும், பொட்டு வெளிச்சம் வராது. ரெண்டு மணி நேரத்துல காய வச்சுத் தருவேன். இத்தனை வருஷத்துல யாராவது கேட்டாத்தானே சொல்றதுக்கு."

"கேட்காதது என் தப்புக்கா."

"ஆமா," என்றார் அக்கா. "நாப்பதுக்கு நாப்பத்தஞ்சா ஊத்தறேன். கூட அஞ்சு இருக்கட்டும்."